ஒவ்வொரு டைம்ஸ்லாட்டிலும் ஒரு ‘ஹலோ’

இரண்டு டெலிபோன் சுவிட்சுகளை இணைக்கும் புது ட்ரங்க்கைச் சேவைக்குத் திறந்துவிடும் முன், அதிலுள்ள எல்லா டைம்ஸ்லாட்டிலும், அதாவது ஒரு அழைப்பு போகும் ஒவ்வொரு இடத்திலும், அழைத்துப் பேசிப் பார்ப்பது என் வழக்கம். “அலாரம் ஒன்றும் இல்லை, அழைப்பை அமைக்கும் சிக்னலிங்கும் சரி, இன்னும் எதற்கு?” என்று கூட இருப்பவர்கள் கேட்பார்கள். ஒரு ராத்திரி பட்ட பாடுதான் காரணம்.

இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவே ஏற்கெனவே ஒரு ஈ1 (32 டைம்ஸ்லாட் கொண்ட டிஜிட்டல் இணைப்பு) ஓடிக்கொண்டிருந்தது. சிக்னலிங் அதன் 16-ஆவது டைம்ஸ்லாட்டில். கூடுதலாக இரண்டு ஈ1 சேர்த்தோம். ஒவ்வொரு டைம்ஸ்லாட்டையும் அடையாளம் காட்டும் சிஐசி எண்கள் 33 முதல் 63 வரை ஒன்றுக்கு, 65 முதல் 95 வரை மற்றொன்றுக்கு. 32-உம் 64-உம் ஃப்ரேம் (32 ஸ்லாட்டின் ஒரு சுற்று) எங்கே தொடங்குகிறது என்று காட்டும் ஒத்திசைவு ஸ்லாட், அவற்றில் பேச்சு போகாது.

33-இல் முதல் அழைப்பு. எதிர்முனையில் மணி அடித்தது, எடுத்தார்கள். சத்தமே இல்லை. நான் கத்தியதும் அங்கே கேட்கவில்லை. போனை மாற்றினோம், எதிரொலியை நீக்கும் எக்கோ கேன்சலரைச் சந்தேகப்பட்டோம், போர்ட்டைப் பூட்டித் திறந்தோம். ஒரு மணி நேரம் போனது.

அப்புறம் நான் 33-இல் காதை வைத்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து மேசை நண்பர் 65-இல் வேறொருவரை அழைத்தார். அவர் அழைத்த ஆளின் “ஹலோ” என் காதில் விழுந்தது. நான் அழைத்த ஆளின் குரல் அவர் காதில்! உடனே புரிந்துவிட்டது. எதிர்முனையில் கேபிள்களை இணைக்கும் சட்டமான டிடிஎஃப்-இல் இரண்டு ஈ1-இன் கேபிள்களும் ஒன்றுக்கொன்று மாறிப் போயிருந்தன.

அலாரம் ஏன் வரவில்லை? ஒரு ஈ1-இன் ஃப்ரேமுக்குள் ‘நான் எத்தனையாவது ஈ1’ என்று எந்த பிட்டும் சொல்லாது. ஒத்திசைவு கிடைத்தது, பிட் பிழையைக் கண்டுபிடிக்கும் சிஆர்சி-4 சரியாக இருந்தது, விளக்குகள் பச்சை. சிக்னலிங் வேறு வழியில் போனதால் “33-இல் அழைப்பு” என்ற செய்தியும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. குரல் மட்டும்தான் வேறு கம்பியில் போனது. சோதிக்காமல் திறந்திருந்தால் யாரோ இருவரின் சொந்தப் பேச்சு அந்நியர் காதில் விழுந்திருக்கும். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

சுவிட்சுகள் அழைப்பை அமைக்கப் பயன்படுத்தும் சிக்னலிங் முறையான ஐஎஸ்யுபி-யில் இதற்கென்றே கன்டினியுட்டி சோதனை இருக்கிறது. 2000 ஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி, அது திரும்பி வருகிறதா என்று பார்க்கும். பல இடங்களில் அதை அணைத்தே வைத்திருப்பார்கள். நிறுவும்போதாவது போட்டுவிடுங்கள்.

இன்னொன்று, இரட்டைப் பிடிப்பு. இரு முனைகளும் ஒரே சர்க்யூட்டை ஒரே நேரத்தில் எடுத்தால், பாயின்ட் கோட் (சுவிட்சின் சிக்னலிங் முகவரி எண்) பெரிதாக உள்ள சுவிட்சுக்கு இரட்டைப்படை சிஐசியில் முன்னுரிமை, மற்றதற்கு ஒற்றைப்படையில். சர்க்யூட்டைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் அப்படியே வைத்தால் மோதல் வெகுவாகக் குறையும். பிட்களின் வேகத்தை நிர்ணயிக்கும் க்ளாக் எந்த முனையிலிருந்து என்பதையும் முதலிலேயே பேசி முடியுங்கள். இரண்டு பக்கமும் சொந்த க்ளாக்கில் ஓடினால் ஸ்லிப் வந்து, அதாவது ஃப்ரேம் விடுபட்டோ இரண்டு முறை வந்தோ, ஃபேக்ஸ் பாதியில் அறுந்துவிடும்.

கேபிளை மாற்றிப் போட்ட பிறகு அன்று 62 அழைப்புகள் செய்தோம். “அறுபத்தைந்து” என்று நான் சொல்வேன். எதிர்முனையில் இருப்பவர் தன் திரையைப் பார்த்து “அறுபத்தைந்து, தெளிவாகக் கேட்கிறது” என்பார். டிக் போட்டுவிட்டு அடுத்த எண்.