ஆற்றல் பொருந்தினால் போதுமா?

கன அயனிகளின் (எலக்ட்ரான்களை இழந்த கனமான அணுக்களின்) நிலைமாற்ற வீதங்களைக் கணக்கிடுவது என் வேலை. எலக்ட்ரான் ஒளியை உமிழ்ந்து கீழ் ஆற்றல் நிலைக்கு இறங்குவது நொடிக்கு எத்தனை முறை என்பதே வீதம். டங்ஸ்டனின் அணு எண் 74. அதன் மிக உள்ளே இருக்கும் எலக்ட்ரான் ஒளியின் வேகத்தில் பாதிக்குச் சற்று மேலேயே ஓடுகிறது. அதனால் சார்பியலையும் உள்ளடக்கி 1928-ல் டிராக் தந்த சமன்பாட்டிலிருந்தே தொடங்குகிறோம். அப்புறம் பிரெய்ட் இடைவினை (எலக்ட்ரான்களுக்கிடையிலான காந்த விளைவு முதலியவை), குவாண்டம் மின்னியக்கவியல் திருத்தங்கள் எல்லாம் சேரும். இவற்றுக்கு நல்ல நிரல்கள் இருக்கின்றன.

புதிதாக வருபவர்கள் முதலில் ஆற்றல் மட்டங்களைத்தான் பார்ப்பார்கள். அளவீட்டோடு ஒத்துப்போனால் முகம் மலர்ந்துவிடும். ஆனால் ஆற்றல் நம்மிடம் மிகவும் தாராளமாக நடந்துகொள்ளும். அலைச் சார்பில் (எலக்ட்ரான்களின் நிலையை விவரிக்கும் கணிதச் சார்பில்) உள்ள சிறு பிழை அதில் இருபடியாகச் சுருங்கித்தான் தெரியும். வீதத்திலோ அந்தப் பிழை நேராகவே வந்து நிற்கும். அதனால் அலைச் சார்பின் தரம் எனக்கு வீதத்தில்தான் தெரியவருகிறது.

நான்கு எலக்ட்ரான் அயனிகளைப் பாருங்கள். இருமுறை அயனியான கார்பனில் 97.7 நானோமீட்டர் அலைநீள நிறமாலைக் கோட்டின் வீதம் நொடிக்கு 170 கோடிக்கும் மேல். தற்சுழற்சி விதி தடுக்கும் 190.9 நானோமீட்டர் கோட்டுக்கு நொடிக்கு 100 அளவுதான். அந்தச் சின்ன எண்ணும் மும்மை நிலையில் (வெளி எலக்ட்ரான்கள் இரண்டின் தற்சுழற்சி ஒரே திசையில்) ஒருமை நிலை (எதிரெதிர்த் திசையில்) துளி கலந்திருப்பதால் வருவது. துளியின் அளவைக் கொஞ்சம் தவறாகப் போட்டாலும் வீதம் எங்கோ போய்விடும். நான்கு எலக்ட்ரான் இரும்பு அயனியில் அதே தடைக் கோடு நொடிக்குக் கோடிகளைத் தொடுகிறது. டங்ஸ்டனுக்கு வரும்போது ஒருமை, மும்மை என்ற பிரிவே பெரிதும் பொருளிழக்கிறது. கனமான அணு என்றால் எல்லாமே கடினம் என்று நினைப்போம். இந்தக் கோட்டைப் பொறுத்தவரை கலப்பு பெரிதாகி நிலைத்துவிடுவதால், கார்பனைவிட டங்ஸ்டனில்தான் எனக்கு நிம்மதி.

மின் இருமுனைக் கோடுகளுக்கு (ஒளி உமிழ்வின் மிகச் சாதாரண வகைக்கு) வீதத்தை இரண்டு வடிவங்களில் கணக்கிடுகிறோம்: எலக்ட்ரானின் இடத்தை வைத்து நீள வடிவம், அதன் வேகத்தை வைத்து திசைவேக வடிவம். அலைச் சார்பு துல்லியமாக இருந்தால் இரண்டும் ஒரே விடை தர வேண்டும். ஒருமுறை ஒத்துப்போனதை மட்டும் வைத்து நான் நம்புவதில்லை. அது தற்செயலாகவும் நடக்கலாம். கணக்கீட்டில் எலக்ட்ரான் சுற்றுப்பாதைகளை அடுக்கடுக்காகச் சேர்க்கச் சேர்க்க இரண்டும் எப்படி நகர்கின்றன என்பதைத்தான் பார்க்கிறேன். வலுவற்ற கோடுகளில் பெரிய எண்கள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். மிச்சம் நிற்பதில் எவ்வளவு உண்மை என்று சொல்வது கடினம். நீள வடிவில் வீதம் ஆற்றலின் மும்மடிக்கேற்ப மாறும். ஆகவே ஆற்றலில் 1 சதவீதம் தவறினால் வீதத்தில் ஏறக்குறைய 3 சதவீதம் தவறும். நம்பகமான அளவீடு இருக்கும் இடத்தில் அந்த ஆற்றலையே போட்டுவிடுகிறேன்.

இந்த எண்கள் அணுக்கருச் சேர்க்கை ஆய்வாளர்களுக்குப் போகின்றன. பிரான்சில் கட்டப்படும் அணுக்கருச் சேர்க்கை உலையான ஐட்டரில், பிளாஸ்மாவை (அயனியான மிகச் சூடான வாயுவை) எதிர்கொள்ளும் பாகங்கள் டங்ஸ்டனால் ஆனவை. 15 கோடி டிகிரி வெப்பத்திலும் டங்ஸ்டன் தன் எலக்ட்ரான்கள் எல்லாவற்றையும் விட்டுவிடாது. மிச்சமிருப்பவை கதிர்வீசிப் பிளாஸ்மாவைக் குளிர்விக்கும். எவ்வளவு டங்ஸ்டன் கலந்திருக்கிறது என்று கோட்டின் பிரகாசத்திலிருந்து கணிப்பவர் நான் தரும் வீதங்களின் அட்டவணையைத்தான் திறப்பார். அதனால் ஒவ்வொரு வீதத்துக்குப் பக்கத்திலும் இரு வடிவங்களின் வேறுபாட்டையும் தருகிறேன். வேறுபாடு பெரிதாக இருக்கும் கோடுகளையும் நீக்காமல், பெரிய பிழை வரம்போடு அப்படியே சேர்த்துவிடுகிறேன்.