மரத்துக்குப் பின்னால் ஒரு மின்சுற்று

அறிவியல் கூடங்களுக்குத் தொட்டு விளையாடும் காட்சிப் பொருள்களைச் செய்துதரும் பட்டறை ஒன்றில் மின்னணுப் பொறியாளராக இருக்கிறேன். உள்ளே இருப்பதைப் பொறியாளர் முடித்துக் கொடுத்தால் கலைஞர் அதற்கு மேல்சட்டை தைத்துப் போடுவார் என்று நினைத்து வருகிறவர்கள் இங்கே அதிக நாள் நிலைப்பதில்லை.

தொட்டால் ஒலியெழுப்பும், சிறுவர்களுக்கான இசைச் சுவர் ஒன்றில் மீன்களைச் செதுக்கிய சிற்பி, பலகை மரமாகத்தான் இருக்க வேண்டும் என்றார். எனக்கு அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கே போதும். பலகைக்குப் பின்னால் ஒட்டிய செப்பு நாடாவின் மின்தேக்குத்திறன், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறன், விரல் நெருங்கும்போது மாறுவதை உணரி அளக்கிறது. அக்ரிலிக்கில் அந்த அளவு ஏறக்குறைய அசையாமல் நிற்கும். மரமோ காற்றின் ஈரத்தை உறிஞ்சி, மழை நாளில் யாரும் தொடாமலே தொட்டதாகச் சொல்லும். அவர் அசையவில்லை. "வழவழன்னு இருந்தா ஒரு தட்டு தட்டிட்டுப் போயிடுவாங்க சார், செதில் கையில பட்டாத்தான் கை அங்கேயே நிக்கும்."

ஆகவே, யாரும் தொடாதபோது இருக்கும் அடிப்படை அளவை ஈரத்துக்கேற்பத் தானே திருத்திக்கொள்ளும்படி நிரல் எழுதினோம். அவர் சொன்னபடியே பிள்ளைகள் செதில்களை வருடிக்கொண்டு நின்றார்கள். வெகுநேரம் அகலாத கையையும் நிரல் ஈரமென்றே எடுத்துக்கொண்டதால் ஒலி மெல்ல அடங்கிப்போனது. தொடுகை நீடிக்கும் வரை திருத்தத்தை நிறுத்திவைக்கும் வரியைப் பிறகு சேர்த்தோம். அந்த வரி எழுதப்பட்டதற்குக் காரணம் உளிதான் என்பேன்.

கலைஞர் டேனியல் ரோசின் 1999-இல் உருவாக்கிய 'மரக் கண்ணாடி' என்ற படைப்பை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வதுண்டு. முன்னால் நிற்பவரைக் கேமரா பார்க்க, 830 மரத்துண்டுகளை, சொன்ன கோணத்தில் திரும்பி நிற்கும் சர்வோ மோட்டார்கள் சாய்த்து, ஒளி படும் கோணத்தை மாற்றி அவருடைய உருவத்தைக் காட்டும். துண்டுகள் புரளும்போது எழும் சலசலப்பை, பயிற்சி பெற்ற பொறியாளர் எவரும் முதலில் அடக்கவே பார்ப்பார். ஆனால் உருவம் மரத்தால் ஆனது என்பதைக் காதுக்குச் சொல்வது அந்த ஓசைதான்.

அடுத்த சுவருக்கு அதே சிற்பி பித்தளைத் தகடு கேட்கிறார். பித்தளை மின்கடத்தி என்பதால், ஒரே தகடாக அடித்தால் எந்த மீனைத் தொட்டாலும் எல்லா மீன்களும் பாடும். தனித்தனியாக வெட்டினால் மீன்களுக்கிடையே ஓடும் அலைக்கோடு அறுந்துபோகும் என்கிறார். இடைவெளியில் கருங்காலிச் சட்டம் வைக்கலாம் என்பது தச்சரின் யோசனை. இந்த வாரம் அதற்குத்தான் மாதிரி அறுத்துக்கொண்டிருக்கிறோம்.