கேமரா எந்த உயரத்தில் இருக்கிறது?

கட்டடக்கலை படிக்க வரும் முதலாண்டுப் பிள்ளைகளிடம் “மனசுக்குப் பிடித்த வீடு ஒன்றை வரைந்து கொண்டுவாங்க” என்று சொன்னால், பாதிப்பேர் ஒரே வீட்டைத்தான் வரைந்து வருவார்கள். நடுவில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு ஹால். அதற்குள் வளைந்து இறங்கும் மாடிப்படி. மேலே நின்று ஹாலைப் பார்க்க ஒரு கைப்பிடி. வரைந்தவர் நாங்குநேரியிலிருந்து வந்திருக்கலாம், சங்கரன்கோவில் பக்கமாக இருக்கலாம். அப்படி ஒரு வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கியிருக்க மாட்டார். எல்லாம் சினிமாவில் பார்த்தது. தமிழ்ப் படங்களில் பணக்கார வீடு என்றால் அந்தப் படி இருக்கும். மேலே நிற்பவர் யார், கீழே நிற்பவர் யார் என்பதை ஒரே ஷாட்டில் சொல்லிவிட அதைவிட வசதியான சாதனம் இயக்குநருக்குக் கிடையாது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. திருநெல்வேலிப் பக்கம் டிசைன் ஸ்டுடியோ, அதாவது கட்டடம் வடிவமைத்துப் பழகும் வகுப்பு, எடுக்கிறவன் என்கிற முறையில், என் வேலை அங்கேதான் தொடங்குகிறது. எங்கள் பிள்ளைகள் பலருடைய குடும்பத்தில் கட்டடக்கலைஞர் என்று யாரையும் பார்த்திருக்க மாட்டார்கள். ஊரில் வீடு கட்டுவது இன்ஜினியரும் கொத்தனாரும். ஐந்து வருஷப் படிப்புக்கு உள்ளே நுழைவதற்கு முன்னாலேயே, வீடு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று சினிமா அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது. அந்தப் பாடம் உள்ளுக்குள் கிடக்கிறது. அதை வெளியே எடுத்து மேசைமேல் வைத்துப் பேச வேண்டும் என்பதற்காகத்தான் ஸ்டுடியோவில் படம் போடுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. பிளான் என்பது மேலேயிருந்து பார்ப்பது. அதில் எல்லா அறைகளும் ஒரே நேரத்தில் தெரியும். வீட்டுக்குள் இருக்கிற யாருக்கும் அப்படித் தெரியாது. திண்ணையில் நிற்பவருக்கு நடை தெரியும், நடைக்குள் வந்தபிறகு தூரத்தில் முற்றத்து வெளிச்சம் தெரியும், அடுக்களையில் யார் இருக்கிறார்கள் என்பது இன்னும் உள்ளே போனால்தான் தெரியும். ஒன்று தெரிந்து, அப்புறம் இன்னொன்று தெரிந்து, முதலில் பார்த்தது மறைந்துபோகிற இந்த வரிசை பிளான் ஷீட்டில் விழுவதே இல்லை. சினிமாவில் அதுதான் முதல் சரக்கு.

நான் கொடுக்கும் முதல் பயிற்சி எளிது. படத்தைப் பார்த்துவிட்டு, அதில் வரும் வீட்டின் பிளானை வரைய வேண்டும். ஹிட்ச்காக் 1954-இல் எடுத்த ‘ரியர் விண்டோ’ இதற்கு நன்றாகப் பொருந்தும். கால் முறிந்த புகைப்படக்காரர் ஒருவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி பின்பக்க முற்றத்தையும் எதிர்வீட்டு சன்னல்களையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். கிட்டத்தட்ட முழுப் படமும் அவருடைய அறையிலிருந்தே நடக்கிறது. கதை நடப்பது நியூயார்க்கில். கட்டியதோ பாரமவுண்ட் ஸ்டுடியோவுக்குள். முற்றத்துக்கு ஆழம் வேண்டும் என்பதற்காக ஸ்டுடியோவின் தளத்தைப் பெயர்த்து அடித்தளத்துக்குள் இறக்கிக் கட்டினார்கள். ஆக, மாடியில் இருப்பதாக நாம் நம்பும் கதாநாயகனின் அறை, உண்மையில் ஸ்டுடியோவின் தரைமட்டத்தில் இருந்தது. இதைச் சொன்னதும் பிள்ளைகள் படத்தைத் திரும்பப் போடச் சொல்வார்கள்.

பிளான் வரைந்து முடித்ததும், யார் யாரைப் பார்க்க முடிகிறது என்று சிவப்புப் பென்சிலால் கோடு போடச் சொல்வேன். போடப் போட ஒரு விஷயம் பிடிபடும். இங்கிருந்து அங்கே பார்க்க முடிந்தால் அங்கிருந்தும் இங்கே பார்க்க முடியும். படத்தில் அந்தக் கோடு திரும்பி வருகிற நொடியில் நமக்கு வயிறு கலங்குகிறதே, அதற்குக் காரணம் சன்னலின் இடம்.

அப்புறம் அதே சிவப்புப் பென்சிலோடு அவரவர் வீட்டுக்கு அனுப்புவேன். டவுனில் வளவுக்குள் குடியிருக்கும் மாணவி ஒருவர் கொண்டுவந்த வரைபடத்தை இப்போதும் மற்ற வகுப்புகளுக்குக் காட்டுகிறேன். ஒரே சந்துக்குள் வரிசையாக வீடுகள், எல்லாருக்கும் பொதுவாகக் குழாயடி. அம்மா காய் நறுக்க உட்காரும் இடத்திலிருந்து கோடு போட்டிருந்தாள். அங்கிருந்து வளவின் வெளிவாசல் தெரிகிறது, குழாயடி தெரிகிறது, தம்பி படிக்கிற மூலை தெரிகிறது. வெளிவாசலில் நிற்கிற ஆளுக்கோ அம்மா தெரியவில்லை. திரும்பி வரவேண்டிய கோட்டைப் பாதி சாத்திய ஒற்றைக் கதவும் அதன் பின்னால் இருக்கும் இருட்டும் தடுத்துவிடுகின்றன. அந்த இடத்தை எந்த நிபுணரும் குறித்துக் கொடுக்கவில்லை. பல வருஷம் அங்கே வாழ்ந்து அம்மாவே கண்டுபிடித்த இடம். அந்தப் பெண் அதைப் பார்த்தது ஹிட்ச்காக் படத்துக்குப் பிறகுதான். இதற்காகவே இந்தப் பயிற்சியை எந்த வருஷமும் விடுவதில்லை.

எல்லாப் படத்துக்கும் பிளான் வரைய வராது. ‘பாரசைட்’ (2019) என்கிற கொரியப் படத்தின் பணக்கார வீடு பல துண்டுகளாகக் கட்டப்பட்டது. தரைத்தளமும் தோட்டமும் வெட்டவெளியில் போட்ட செட், மேல்மாடி தனியாக ஸ்டுடியோவுக்குள். சூரியன் எந்தப் பக்கம் வரும் என்று பார்த்துத்தான் வெளி செட்டுக்கு இடம் தேர்ந்தெடுத்தார்கள். இப்படித் துண்டாக எடுத்தவற்றை ஒட்டியபிறகு நம் மனசுக்குள் ஒரு முழு வீடு உருவாகிறது. பிள்ளைகள் வரையும்போது சுவர் சுவரோடு சேராமல் திணறுவார்கள். அந்தத் திணறல் நல்லது. எதைக் காட்டாமல் விட்டார்கள், விட்டதை நாம் எப்படி நிரப்பிக்கொண்டோம் என்று பேச ஆரம்பித்தால் ஒரு மத்தியானம் போதாது.

அந்தப் படத்தை நான் காட்டுவதற்கு முக்கியமான காரணம் மழைக்காட்சி. மேட்டிலிருக்கும் வீட்டிலிருந்து ஒரு குடும்பம் படிப்படியாக இறங்கி இறங்கி, வெள்ளம் புகுந்த தங்கள் அரைப் பாதாள வீட்டுக்கு வந்து சேர்கிறது. தண்ணீரும் அவர்களோடு அதே வழியில் இறங்குகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளுக்குப் பிறகு எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஜங்ஷன் பக்கம் ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. காட்சி முடிந்து விளக்குப் போட்டதும் ஒரு பையன் எழுந்து, “சார், எங்க வீட்ல தண்ணி எத்தனாவது படி வரைக்கும் வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். அதை வரையட்டுமா?” என்று கேட்டான்.

வரை என்றேன். மற்றவர்களும் வரைந்தார்கள். ஆற்றுப் படுகையில் தொடங்கி, கரை, சாலை, வாய்க்கால், தெரு, வாசற்படி, வீட்டின் தரை என்று, நெடுக வெட்டிப் பக்கவாட்டில் பார்க்கிற மாதிரி ஒரே நீளமான செக்‌ஷன். செக்‌ஷன் என்றால் பிளானுக்குப் பிறகு மார்க்குக்காக வரைந்து ஒட்டுகிற ஷீட் என்று நினைத்திருந்தவர்கள், அன்றைக்கு பிளானைத் தொடவே இல்லை. பழைய தெருவில் திண்ணை ஏன் அவ்வளவு உசரம், புது வீடுகளில் சாலை மட்டம் ஏறிக்கொண்டே வர வாசல் எப்படிப் பள்ளமாகிப் போனது என்பதெல்லாம் அந்தக் கோட்டில் தானாக வந்து நின்றது.

இந்தக் கட்டுரையின் தலைப்பில் இருக்கிற கேள்விக்கு வருகிறேன். ஜப்பானிய இயக்குநர் ஒசு 1953-இல் எடுத்த ‘டோக்கியோ ஸ்டோரி’யில் கேமரா மிகத் தாழ்வாக இருக்கும். பாயில் உட்கார்ந்திருப்பவர்களின் கண்ணுக்கும் கீழே. ஊரிலிருந்து வயதான தாய் தகப்பன் டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள். மகன் டாக்டர், வீட்டிலேயே கிளினிக். தாத்தா பாட்டிக்கு இடம் பண்ணுவதற்காகப் பேரனின் படிப்பு மேசையை நகர்த்திவிடுகிறார்கள், அவன் கோபப்படுகிறான். ஒரு வீட்டில் விருந்தாளிக்கு இடம் இல்லை என்பதைக் காட்ட ஒசுவுக்கு அந்த ஒரு மேசை போதும். படத்தை நிறுத்திவிட்டு வகுப்பில் கேட்பேன்: கேமரா எந்த உயரத்தில் இருக்கிறது? உங்கள் டிசைனில் யாருடைய கண் எந்த உயரத்தில் இருக்கிறது?

பதிலை அளந்து பார்க்கலாம். நிற்பவரின் கண் சுமார் ஐந்தடி. நாற்காலியில் இருந்தால் நாலடி. தரையில் உட்கார்ந்தால் இரண்டரை அடி. இப்போது கட்டுகிற வீடுகளில் சன்னலின் அடிமட்டத்தை மூன்றடியில் வைப்பது வழக்கம். கணக்கு இவ்வளவுதான்: தரையில் உட்காரும் ஒருவருக்கு அந்தச் சன்னல் வழியே வானம் மட்டும்தான் தெரியும், தெரு தெரியாது. டவுனில் ஒரு பழைய வீட்டை அளக்கப் போயிருந்தபோது, தாழ்வாக இறங்கியிருந்த கம்பிச் சன்னலைக் குறித்துக்கொண்டு ஒரு மாணவி, “ஏன் ஆச்சி, சன்னலை இவ்வளவு கீழ வச்சிருக்காங்க?” என்று கேட்டாள். ஆச்சி, “நீ நின்னுக்கிட்டே பாத்தா என்ன தெரியும்? இங்கன வந்து உக்காந்து பாரு பிள்ள” என்றார்கள். உட்கார்ந்தாள். தெருவில் போகிறவர்களின் முகம் தெரிந்தது, காற்றும் நேராக உடம்பில் பட்டது. நான் மூன்று வகுப்பில் சொல்லவேண்டியதை ஆச்சி முடித்துவிட்டார்கள்.

இதனால்தான் வீட்டைச் சுற்றிக் காட்டுவதற்காகக் கம்ப்யூட்டரில் செய்யும் வாக்த்ரூ வீடியோக்களோடு எனக்குத் தீராத சண்டை. கேமரா இருபதடி உயரத்தில் பறந்து வருகிறது, சுவரை ஊடுருவுகிறது, ஹாலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மாடி வழியே வெளியேறுகிறது. அந்தக் கண் யாருடையது? அந்த வேகத்தில் யாரும் நடப்பதில்லை. என் ஸ்டுடியோவில் விதி இதுதான்: கேமரா இரண்டரை, நாலு, ஐந்து அடி, இந்த மூன்று உயரத்தில் ஒன்றில் இருக்க வேண்டும், நடக்கிற வேகத்தில்தான் நகர வேண்டும், கதவு வழியாகத்தான் நுழைய வேண்டும். இந்த விதிக்குள் வந்ததும் பல டிசைன்கள் தாமாகவே திருந்துகின்றன. வாசலைத் திறந்ததும் பாத்ரூம் கதவு எதிரில் நிற்பதைப் பறக்கிற கேமரா காட்டவே காட்டாது.

சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன் இதைப்பற்றி யோசித்து எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா ரிகா நகரத்தில் பெயர்பெற்ற கட்டடக்கலைஞர். அவரும் சினிமாவுக்கு வருவதற்கு முன் சிவில் இன்ஜினியரிங் படித்தவர். ஏதென்ஸின் அக்ரோபோலிஸில் நடந்துபோகிறவருக்கு ஒவ்வொரு கட்டடமும் ஒவ்வொரு ஷாட்டாக விரிவதை வைத்து, படத்தொகுப்புக்கு மூதாதை கட்டடக்கலைதான் என்கிற திசையில் அவர் போகிறார். இதைப் புத்தகத்தில் படித்து முடித்துவிடக் கூடாது. நெல்லையப்பர் கோயிலில் சுவாமி சந்நிதியையும் காந்திமதி அம்மன் சந்நிதியையும் இணைக்கும் சங்கிலி மண்டபம், 1647-இல் வடமலையப்ப பிள்ளையன் கட்டியது, எங்களுக்குக் கூப்பிடு தூரம். போன் எல்லாம் பைக்குள். மெதுவாக நடந்துவிட்டு, வெளியே வந்து நினைவிலிருந்து சட்டம் சட்டமாக வரைய வேண்டும். கேமரா இல்லாததால் இந்தப் பயிற்சியில் பிள்ளைகள் அதிகம் பார்க்கிறார்கள் என்பது என் எண்ணம். காலுக்கடியில் கல் எங்கே குளிர்ந்தது, சத்தம் எங்கே அடங்கியது என்றுகூட ஓரத்தில் குறித்து வருகிறார்கள்.

வெளிச்சம் விஷயத்தில் மட்டும் சினிமாவை அப்படியே நம்பக் கூடாது என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறேன். ஐரோப்பியப் படங்களில் சன்னல் வழியாகச் சாய்ந்து நீளமாக விழும் வெயில் அழகாக இருக்கும், பிள்ளைகள் தங்கள் டிசைனுக்குக் கம்ப்யூட்டரில் செய்யும் ரெண்டர் படத்தில் அப்படியே கொண்டுவருவார்கள். பாரிஸ் 49 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது, நெல்லை 8.7-இல். இங்கே ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வெயில் வடக்குப் பக்கத்திலிருந்து வருகிறது. வடக்குச் சன்னலில் நேர் வெயில் விழாது என்று வேறு அட்சத்துக்காக எழுதிய புத்தகம் சொல்வது இந்த மாதங்களில் இங்கே செல்லாது. இதற்கு மருந்தும் படம்தான்: ஓட்டு வீட்டுக்குள், கண்ணாடி ஓட்டுக்குக் கீழே போனை ஒரு பகல் முழுக்க வைத்து டைம்லாப்ஸ் எடுத்துவரச் சொல்கிறேன். தரையில் வெயில் துண்டு நகரும் பாதையைப் பார்த்தபிறகு யாரும் சாய்வு வெயிலை இஷ்டத்துக்கு வரைவதில்லை. சூட்டை எந்தப் படமும் காட்டாது. அதற்கு மே மாதம் ஒரு மட்டமான கான்கிரீட் கூரைக்குக் கீழே மத்தியானம் உட்கார வேண்டும்.

சக ஆசிரியர்களில் சிலருக்கு இதில் உடன்பாடில்லை. படம் பார்க்கிற பிள்ளைகள் தோற்றத்தைத்தான் பிடித்துக்கொள்வார்கள், பணம், சிமெண்ட், அனுமதி, கூலி எல்லாம் மறந்துபோகும் என்கிறார்கள். கவலை நியாயமானது. அதற்காகவே பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) எங்கள் வகுப்பில் கட்டாயம். வேலைக்குப் போகிற ஒரு பெண் கடன் வாங்கி, நகையை விற்று, சின்ன வீடு ஒன்றைக் கட்டப் பாடுபடுகிறாள். ஒப்பந்தக்காரர் ஏமாற்றுகிறார், அதைத் தட்டிக் கேட்பவள் அங்கே வேலை செய்யும் சித்தாள். பாதி எழும்பிய வீட்டுக்குள் தாத்தா தனியாக வந்து சுவர்களைத் தொட்டுப் பார்க்கும் காட்சி எந்த டிசைன் புத்தகத்திலும் கிடையாது. வீடு யாருக்காக என்று மறந்துபோகிற பிள்ளைக்கு நான் அந்தக் காட்சியைத்தான் திரும்பப் போடுகிறேன்.

அடுத்த பருவத்தில் அந்தப் படத்தைப் பிள்ளைகளோடு, எங்களுக்குப் பழக்கமான கொத்தனார்களையும் சித்தாள்களையும் கூட்டி வைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். கடைக்கால் போடும் காட்சியிலும் சிமெண்ட் மூட்டைக் காட்சியிலும் படத்தை நிறுத்தி அவர்களைப் பேசச் சொல்ல வேண்டும். நாள்கூலி போகாமல் இருக்க ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறேன்.