அலைவரிசை வாடகைக்கு

மணிலாவில் நான் வேலை பார்த்தது ஒரு சின்ன டிவி நிலையத்தின் மாஸ்டர் கன்ட்ரோல் அறையில். பெயர் வேண்டாம், இன்னும் அங்கே நண்பர்கள் இருக்கிறார்கள். ஒரு பெரிய சானலிலிருந்து இன்னொரு பெரிய சானலுக்கு ரிமோட்டில் தாவும்போது வழியில் ஒரு நொடி தட்டுப்படுமே, அந்த மாதிரி சானல்.

சொந்த நிகழ்ச்சி என்று அங்கே பெரிதாக எதுவும் கிடையாது. காலையில் ஒரு சபையின் பிரசங்கம், அப்புறம் வீட்டிலிருந்தே போன் போட்டு வாங்கச் சொல்லும் மிக்ஸி, தலையணை விளம்பரங்கள், ராத்திரி வேறொரு சபை. எல்லாமே பிளாக்டைம். நேரத்தை மொத்தமாகக் காசு கொடுத்து வாங்குகிறவர் நிகழ்ச்சியையும் விளம்பரத்தையும் தானே பார்த்துக்கொள்வார், எங்கள் வேலை லாக் ஷீட்டில் இருக்கிற வரிசைப்படி ஓடவிடுவது, நடுவில் திரை கறுத்துப் போகாமல் காவல் இருப்பது, அவ்வளவுதான். நள்ளிரவுக்கு மேல் தேசிய கீதம் போட்டு டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிடுவோம். கரண்ட் பில் அப்படி.

ஒரு ராத்திரி தூக்கக் கலக்கத்தில் போன வாரத்துப் பிரசங்கத்தையே திரும்ப ஓட்டிவிட்டேன். ஏற்கெனவே நடந்து முடிந்த ஜெபக்கூட்டத்துக்குப் போதகர் எல்லோரையும் வாருங்கள் வாருங்கள் என்று அழைத்துக்கொண்டிருந்தார், நானும் கவனிக்கவில்லை. பத்து நிமிடத்தில் போன் அடிக்க ஆரம்பித்தது. கூட்டம் மறுபடி இருக்கிறதா, எத்தனை மணிக்கு என்று கேட்டு வரிசையாகப் பதினோரு பேர். எனக்கு வேர்த்துவிட்டது. எங்கள் சீனியரைக் கூயா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், அண்ணன் என்று அர்த்தம். அவர் லாக் ஷீட்டில் சிவப்புப் பேனாவால் பிழையைக் குறித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "பதினோரு பேர் நம்ம சானலைப் பார்க்கிறாங்கடா."

அங்கே எனக்குப் பிடித்த வேலை ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில்தான். வியாழன் முதல் சனி வரை பல சின்ன நிலையங்கள் ஒளிபரப்பையே நிறுத்திவிடும். எங்களுக்கு அதுதான் டிரான்ஸ்மிட்டர் பராமரிப்பு நாள். பெரிய வெள்ளி மதியம் ஊரே அடங்கிக் கிடக்கும், நாங்கள் கேபினட்டைத் திறந்து பில்டரில் அப்பிய தூசியை ஊதி எடுப்போம், மின்விசிறிகளைக் கழற்றித் துடைப்போம், ஒரு வருஷம் உள்ளேயே காய்ந்து கிடந்த பல்லியைக் காகிதத்தில் மடித்துப் போடுவோம். கூயா அந்தப் பெட்டியைத் தட்டிக்கொடுத்துச் சொல்வார், "ஸ்டுடியோ யார் வேணா கட்டலாம். காத்துல போக அனுமதி வேணும், அது நம்மகிட்ட இருக்கு."

கிழவர் ஏதோ சொல்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். பிலிப்பைன்ஸில் ஒளிபரப்பு உரிமை என்பது நாடாளுமன்றம் சட்டமாகவே நிறைவேற்றித் தர வேண்டியது, வழக்கமாக 25 வருஷத்துக்கு. 1953-இல் அந்த நாட்டுக்கே முதன்முதலாக டிவி காட்டிய நிறுவனத்தின் வாரிசு ஏ.பி.எஸ்-சி.பி.என். அதிபர் மார்க்கோஸ் 1972-இல் ராணுவச் சட்டம் போட்டபோது மூடப்பட்டு, 1986-க்குப் பிறகு எழுந்து வந்தது. அதன் உரிமை 2020 மே மாதம் காலாவதியானது, மறுநாளே ஒளிபரப்பை நிறுத்தச் சொல்லி உத்தரவு. ஊரடங்கில் சனமெல்லாம் வீட்டுக்குள் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த நேரம் அது. ஜூலை 10-ஆம் தேதி நாடாளுமன்றக் குழு 70க்கு 11 என்று வாக்களித்துப் புது உரிமையையும் மறுத்துவிட்டது. நடிகர்கள், ஸ்டுடியோக்கள், செய்தியாளர்கள் எல்லாம் இருந்தும் காற்றில் ஏற வழி இல்லை. ஆயிரக்கணக்கில் வேலை போனது.

ஸோயி என்றொரு சின்ன நிறுவனம் இருக்கிறது. இயேசுவே ஆண்டவர் என்ற சபையை நடத்தும் எடி வில்லனுவேவாவுடையது, மணிலாவில் 11-ஆம் எண் சானல் அவர்களிடம். 2005 முதல் 2019 வரை அந்தச் சானலில் குடியிருந்தது ஜி.எம்.ஏ., அதாவது ஏ.பி.எஸ்-சி.பி.என்.னின் பரம வைரி. அதுவும் காலி செய்து போய் ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அங்கேதான் ஏ.பி.எஸ்-சி.பி.என். வந்து கதவைத் தட்டியது. 2020 அக்டோபர் 10-ஆம் தேதி ஏ டு இசட் என்று சானலுக்குப் புதுப் பெயர், நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி புதுக் குடித்தனக்காரருடையது, சபையின் நிகழ்ச்சிகளும் அதே சானலில். நாட்டிலேயே பெரிய டிவி கம்பெனி பிளாக்டைம் வாங்குகிறது! எங்கள் லாக் ஷீட்டில் மிக்ஸி விற்றவர் இருந்த அதே கட்டத்தில்தான் இப்போது அவர்கள்.

பெரியவர்கள் விழுந்தார்கள் என்று இதில் சந்தோஷப்பட எனக்கு ஒன்றும் இல்லை, வேலை போனவர்களில் என்னோடு நூடுல்ஸ் பங்கிட்டுச் சாப்பிட்டவர்களும் உண்டு. ஸோயிக்கும் இது தர்ம காரியம் இல்லை, வியாபாரம்தான். ஆனால் தொடக்கத்தில் மணிலாவையும் சுற்றுவட்டாரத்தையும் தாண்டாத அந்தச் சிக்னல் இல்லாவிட்டால், கேபிளுக்கும் இணையத்துக்கும் வசதியில்லாத வீடுகளில் ஆன்டெனா மட்டும் வைத்து அந்த நிகழ்ச்சிகளைப் பார்த்தவர்களுக்கு அப்போது வேறு வழி கிடையாது.

அப்போது நான் ஊர் திரும்பியிருந்தேன். அக்டோபர் 10 அன்று கூயா ஒரு படம் அனுப்பினார். அவர் வீட்டுப் பழைய டிவி, மேலே வளைத்துக் கட்டிய கம்பி ஆன்டெனா, திரையில் 11-ஆம் எண் சானல். நிகழ்ச்சி எப்படி என்று கேட்டேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "சிக்னல் நல்லா இருக்கு," என்று பதில் வந்தது, கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: "மழை வரட்டும், அப்புறம் சொல்றேன்."