டைம்கோடு துள்ளியது: 111 நிமிடக் கணக்கு காட்டிய வழி

எடிட்டிங்கிலிருந்து ஒரே புகார் திரும்பத் திரும்ப வந்தது: நீளமான ரெக்கார்டிங் எதுவானாலும் நடுவில் எங்கோ டைம்கோடு (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இடப்படும் மணி:நிமிடம்:நொடி:ஃபிரேம் எண்) உடைகிறது. படத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. 10:14:22:07 அடுத்தடுத்த இரண்டு ஃபிரேமில் இருந்தது. பிறகு 08, 09 என்று ஒழுங்காகப் போனது.

அதே வாரத்தில் எஸ்டிஐ (கேபிளில் வீடியோவைக் கொண்டுசெல்லும் டிஜிட்டல் சிக்னல்) மானிட்டரில் சிஆர்சி (தரவு சிதைந்ததா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) பிழை எண்ணிக்கையும் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்று நம்பி, கேபிள்களைத் தேடியே இரண்டு நாள் போனது.

எச்டி-எஸ்டிஐயில் ஒவ்வொரு வரிக்கும், லூமாவுக்கு (ஒளிர்வு) தனி, குரோமாவுக்கு (நிறம்) தனி என்று சிஆர்சி உண்டு. பிழை இருக்கிறது என்று அது சொல்லும், திருத்தாது. மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், பிழைகள் ஒரே நொடியில் கொத்தாக வந்தனவா, நாள் முழுக்கச் சிந்தினவா என்று தெரியாது. எனவே கவுண்ட்டரைப் பூஜ்யமாக்கி, ஏறும் நேரங்களைக் குறித்தேன். ரேக்கின் பின்கதவைச் சாத்தும்போதெல்லாம் ஏறியது. பிஎன்சி கனெக்டரை ஒட்டியே கேபிளைக் கதவு மடக்கிக்கொண்டிருந்தது. மாற்றிச் சுற்றுவழியில் இழுத்ததும் கவுண்ட்டர் அசையவில்லை.

டைம்கோடு மட்டும் துள்ளிக்கொண்டே இருந்தது!

அப்போதுதான் லாகரை வைத்தேன். முந்தைய எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் வரவேண்டிய எண் வரவில்லையா, நேரத்தோடு எழுது. அவ்வளவுதான் அதன் வேலை. காலை 8 மணியிலிருந்து இரவு 8 மணிக்குள் ஆறு பதிவு. ஒவ்வொன்றுக்கும் இடையே ஏறத்தாழ 111 நிமிடம். தளர்ந்த கனெக்டர் இப்படி மணி பார்த்துக் கோளாறு செய்யாது. இவ்வளவு சீராக வந்தால் எங்கோ இரண்டு கடிகாரம் தனித்தனியாக ஓடுகிறது என்று பொருள்.

நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 40 மில்லி செகண்ட். 6,660 செகண்டில் அவ்வளவு பின்தங்குகிறது என்றால் பத்து லட்சத்தில் 6 பங்கு. வேறு எதையும் பின்பற்றாமல் தன்போக்கில் ஓடும் கிரிஸ்டலுக்கு (கருவியின் கடிகாரத் துடிப்பைத் தரும் படிகம்) இது இயல்பான விலகல். டைம்கோடு ஜெனரேட்டரிடம் போனேன். பிளாக் பர்ஸ்ட் (எல்லாக் கருவிகளையும் ஒரே தாளத்தில் ஓட்டும் ரெஃபரன்ஸ் சிக்னல்) கேபிள் கெட்டியாகத்தான் செருகியிருந்தது. அதனால்தான் இத்தனை நாள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மெனுவில் ரெஃபரன்ஸ் 'இன்டர்னல்' என்று இருந்தது; அதாவது கேபிளில் வரும் சிக்னலை விட்டுத் தன் கிரிஸ்டலையே அது பின்பற்றியது. எல்டிசி (ஜெனரேட்டர் அனுப்பும் டைம்கோடு சிக்னல்) வீடியோவைவிட மெதுவாக நகர, எம்பெடர் (அதை வீடியோவில் சேர்க்கும் கருவி) அவ்வப்போது பழைய எண்ணையே மறுபடி எழுதியிருக்கிறது.

'எக்ஸ்டர்னல்' ஆக்கினேன். மாற்றும் கணத்தில் டைம்கோடு ஒருமுறை குதிக்கக்கூடும். எந்த ரெக்கார்டிங்கும் ஓடாத நேரம் பார்த்துச் செய்யுங்கள்.

பிறகு மூன்று நாள் லாகரை ஓடவிட்டேன். மூன்று பதிவு! ஒரு கணம் பதறிவிட்டேன். திறந்து பார்த்தால் மூன்றும் நள்ளிரவு: 23:59:59:24-க்கு அடுத்து 00:00:00:00. அதை விதிவிலக்காகச் சேர்த்த பிறகு லாகரின் பதிவு காலியாகவே இருக்கிறது.