லாரி மேல் உட்கார்ந்து மேட்ச் பார்த்தவர்களின் ஸ்டேடியம்

அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில் ஸ்டார்க்வில் என்று ஒரு ஊர் இருக்கிறது. சுமார் 25,000 பேர், ஏறக்குறைய நம் கோத்தகிரி அளவுதான். அந்த ஊரில் உள்ள மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் மைதானத்துக்கு 2023 ஏப்ரலில் ஒரே மேட்சுக்கு 16,423 பேர் வந்திருக்கிறார்கள். தொழில்முறை ஆட்டம்கூட இல்லை, காலேஜ் பையன்கள் ஆடுகிற ஆட்டம். கல்லூரி வளாகத்துக்குள் நடந்த பேஸ்பால் ஆட்டங்களில் அதுதான் சாதனைக் கூட்டம். அதற்கு முந்தைய சாதனையும் (2014, 15,586 பேர்) இதே மைதானத்தில்தான், 1989-இல் வந்த 14,991 பேரும் இங்கேதான் வந்தார்கள்.

அக்கா மகன் அங்கே வேளாண்மை படிக்கப் போனதிலிருந்து எங்கள் வீட்டு வாட்ஸப்பில் இந்த மைதானம்தான் பேச்சு. மைதானத்தின் பெயர் டூடி நோபிள் ஃபீல்டு; நோபிள் அங்கே பயிற்சியாளராகவும் விளையாட்டுத் துறைத் தலைவராகவும் இருந்தவர். இப்போதுள்ள இடத்தில் 1967-லிருந்து ஆடுகிறார்கள். எனக்குப் பிடித்தது ஸ்டேடியம் இல்லை, அதன் இடது பக்க வேலி. கிரிக்கெட் கணக்கில் சொன்னால் வலதுகை பேட்ஸ்மேனுக்கு மிட்விக்கெட் எல்லை. அறுபதுகளில் மாணவர்களும் ஊர்க்காரர்களும் அந்த வேலிக்கு வெளியே வண்டியை ரிவர்ஸில் கொண்டுவந்து நிறுத்தி, பின்பக்கத்தில் உட்கார்ந்து கறி சுட்டுக்கொண்டே மேட்ச் பார்த்திருக்கிறார்கள். அடுத்தடுத்த வருடங்களில் பழைய லாரி மேல் பலகை அடித்து இரண்டடுக்குப் பரண் கட்டிவிட்டார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம், ஒவ்வொரு சாய்வு, ஒன்றுக்கொன்று பொருந்தாத பெயின்ட். அதற்கு லெஃப்ட் ஃபீல்டு லவுஞ்ச் என்று பெயரும் வைத்தாகிவிட்டது. எதிரணியில் அந்தப் பக்கம் ஃபீல்டிங் நிற்பவன் பாவம், இன்னிங்ஸ் முழுக்க முதுகுக்குப் பின்னால் கிண்டலும் கறிப் புகையும்.

அப்புறம் மராமத்து வந்தது. ஆறு கோடி டாலருக்கு மேல் செலவு. மெயின் கேலரியை இடித்துப் புதிதாகக் கட்டி, 2019-க்குள் வேலையை முடித்தார்கள். இந்த மாதிரி வேலையில் முதலில் காலியாவது ஓசி இடமும் ஒழுங்கில்லாத இடமும்தான் என்பது நமக்குத் தெரிந்ததே. அங்கேயும் பழைய லாரிகள் போய்விட்டன. ஆனால் அந்த மூலையை மூடவில்லை. அதே இடத்தில், அதே வேலியைப் பார்த்தபடி, படிப்படியாகக் கான்கிரீட் தளம் போட்டு, கறி சுட இடமும் விட்டு நிரந்தரமாகக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே மாதிரி. பழைய போட்டோவையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குப் பழையதுதான் பிடிக்கிறது. ஆனால் மழைக்கும் பாரத்துக்கும் அந்தப் பலகைகள் எத்தனை காலம் தாங்கும் என்று யோசித்தால், இன்ஜினியர் செய்தது சரி. இரண்டு வருடம் கழித்து, 2021-இல், காலேஜ் பேஸ்பால் இறுதிப் போட்டிகள் நடக்கும் ஒமாஹாவில் வாண்டர்பில்ட் அணியை வென்று அவர்கள் தேசியப் பட்டம் வாங்கினார்கள். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எந்தக் குழு விளையாட்டிலும் அதுதான் முதல் தேசியப் பட்டம்.

பக்கத்து மாநிலமான லூசியானாவில் வேறு வழி. எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அணி 1938-இல் கட்டிய பழைய ஸ்டேடியத்தை விட்டு, 2009-இல் புதியதுக்குப் போய்விட்டது. பழையது இடிபட்டது. அலெக்ஸ் பாக்ஸ் என்ற பெயரை மட்டும் கூடவே எடுத்துப் போனார்கள். அலெக்ஸ் பாக்ஸ் இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் இறந்த, அந்த அணியின் முன்னாள் ஆட்டக்காரர்.

நடுவில் ஒரு சமாச்சாரம். டென்வர் நகரம் 1,609 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் அடித்த பந்து கூடுதல் தூரம் பறக்கிறது என்று, அதன் துள்ளலைக் குறைக்க அந்த ஊர் பேஸ்பால் அணி 2002 முதல் பந்துகளை ஈரப்பதம் உள்ள அறையில் வைத்து எடுத்து ஆடுகிறது. ஊட்டி 2,240 மீட்டர். இங்கே காற்று கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு மெலிசு. நம் ஆட்கள் பேஸ்பால் ஆடினால் பந்து தேயிலைக்குள்தான் விழும். இப்போதே கிரிக்கெட் பந்து அங்கேதான் விழுகிறது, இரண்டு பையன்கள் குச்சியால் செடியை விலக்கிக்கொண்டு தேடுகிறார்கள், அம்பயர் இடுப்பில் கைவைத்து நிற்கிறார்.

எங்கள் ஹட்டி (நீலகிரியில் படகர் கிராமத்துக்கு அப்படித்தான் பெயர்) மைதானத்துக்கும் கேலரி வரப் போகிறது என்று பேச்சு. சந்தோஷம்தான். ஆனால் அந்த மைதானத்தில் ஏற்கெனவே கேலரி இருக்கிறது: மேல் பக்கத்து மேடு. மலையை வெட்டிச் சமப்படுத்தியபோது தானாக உண்டானது. டோர்னமென்ட் அன்றைக்குப் பெரியவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மேல் வரிசையிலும், பெண்கள் பிள்ளைகளோடு நடுவிலும், பஜ்ஜிக் கடை ஓரத்திலும் இருக்கும். யாரும் சொல்லி வைத்த ஏற்பாடு இல்லை. மாவட்டத்தில் ஒரு ஊரில் இந்த மாதிரி மேட்டைச் சீவி, காம்பவுண்டு சுவர் எழுப்பி, பத்துப் படி சிமென்ட் கேலரி கட்டினார்கள். சுவருக்குப் பின்னால் தண்ணீர் போக வழி விடவில்லை. இப்போது வடகிழக்குப் பருவமழையில் மைதானத்தின் பாதி குளம்.

நீலகிரியில் மைதானத்துக்கு முதல் வேலை வடிகால். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். மேல் பக்கம் ஓடை வெட்டி, தண்ணீரை மைதானத்துக்குள் இறங்கவிடாமல் ஓரமாகத் திருப்பிவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். மேட்டில் படி வெட்ட வேண்டுமென்றால் கல் வைத்து வெட்டுங்கள், புல்லை விட்டுவிடுங்கள். மிச்சப் பணத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கட்டுங்கள், தண்ணீர் வசதியோடு. டோர்னமென்ட் நாளில் அவர்கள் மத்தியானமே எழுந்து வீட்டுக்குப் போய்விடுவதற்கு அது ஒன்றுதான் காரணம்.