ஸ்வீட்வாட்டர் ஓடையோரம் ஒரு மில்

கோவைப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டு, இயந்திரங்களை நிறுவித் தரும் வேலைக்காக அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக்குச் சென்றிருந்தேன். அட்லாண்டாவுக்கு மேற்கே, ஸ்வீட்வாட்டர் ஓடை மாநிலப் பூங்காவின் காட்டுக்குள் ஒரு பழைய பருத்தி மில்லின் சுவர்கள் நிற்பதாகக் கேள்விப்பட்டு, விடுமுறை நாளொன்றில் நடந்து போய்ப் பார்த்தேன்.

வந்திருந்தவர்கள் செங்கல் சுவரைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். என் கண் வாய்க்காலைத்தான் தேடியது. ஓடையை மேலே மறித்து, நீரின் உயரம் வீணாகாதபடி கரையோரமாகவே கொண்டுவந்து, மில்லை ஓட்டிய நீர்ச்சக்கரத்துக்கு விட்டிருக்கிறார்கள். மில் ஐந்து மாடியாக எழுந்ததன் காரணமும் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குப் புரியும்: சக்கரத்தின் விசையைத் தண்டுகளும் பெல்ட்டுகளுமே இயந்திரங்களுக்குக் கொண்டுசேர்த்த காலத்தில், தண்டு நீள நீள உராய்வில் விசை கரையும் என்பதால், பக்கவாட்டில் நீட்டுவதைவிட மேலே அடுக்குவதே சிக்கனம்.

1849 இறுதியில் ஓடத் தொடங்கிய அந்த மில்லின் முதலாளிகளுள் ஒருவர் மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் சார்லஸ் மெக்டொனால்டு. கட்டடத்தை எழுப்பியதில் அடிமைகளின் உழைப்பு இருந்தது. மில்லைச் சுற்றி வளர்ந்த ஊருக்கு நியூ மான்செஸ்டர் என்று பெயர். (எங்கள் கோவையையும் மான்செஸ்டர் என்றே அழைத்தோம், அந்தப் பெயர் மேல் மில்காரர்களுக்கு அப்படியொரு மோகம்.)

அமெரிக்காவின் வடக்கு, தெற்கு மாநிலங்கள் மோதிய உள்நாட்டுப் போரில் இங்கு நெய்த முரட்டுத் துணி தெற்குப் படைக்குப் போனது. 1864 ஜூலை 2 அன்று வடக்கின் குதிரைப்படை வந்திறங்கியது. 9ஆம் தேதி மில் எரிந்தது. வடக்கின் தளபதி ஷெர்மனின் உத்தரவுப்படி தொழிலாளர்கள் துரோகக் குற்றம் சாட்டிப் பிடிக்கப்பட்டு, மரியெட்டாவுக்கும், அங்கிருந்து ரயிலில் கென்டக்கியின் லூயிவில்லுக்கும் அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். பலர் திரும்பவே இல்லை. ஊர் மறுபடி எழவில்லை.

தறியை எரித்தால் இன்னொரு தறி வாங்கலாம், நூல் அறுந்தால் ஓட்டத்திலேயே முடிச்சுப் போடத் தெரிந்த கையை வாங்க முடியாது என்பது அந்தப் படைக்குத் தெரிந்திருந்தது. நான் வேலை பார்த்த ஆலை மூடப்பட்டபோது, இயந்திரப் பட்டியலைத் தயாரித்தவன் நான்தான். மோட்டார், ஸ்பிண்டில், பெல்ட் வரை எண்ணி எழுதினேன். ஆலைத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருந்தவர்களைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை.

திரும்பும் வழியில் அந்த வாய்க்காலை ஒட்டியே நடந்தேன். தண்ணீர் இல்லை, சருகு நிரம்பிக் கிடந்தது. மட்டம் மட்டும் இன்னும் சரியாகவே இருந்தது.